கட்டிலுக்குக் காசு உண்டு, பாய்க்கு இல்லை

பெறுநர்:
தலைவர், தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம்
தலைவர், இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு
செயலாளர், கிழக்கு மாகாண சுகாதார அமைச்சு

மதிப்புக்குரியவர்களே,

மூவருக்கும் ஒரே மடலாக எழுதுகிறேன். தனித்தனியே எழுதினால் ‘இது எமது விடயப் பரப்புக்கு உட்பட்டதல்ல’ என்று மூன்று பதில் வரும் என்பது அரச உத்தியோகத்தில் இருக்கும் எனக்குத் தெரியாததல்ல. காப்புறுதிக்காரர் சுகாதார அமைச்சைக் காட்டுவார்கள், சுகாதார அமைச்சு திறைசேரியைக் காட்டும், தனியார் கம்பனிகள் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டும். தயவுசெய்து மூவரும் ஒரே மேசையில் வைத்து இதை வாசியுங்கள்.

கேட்பது இதுதான். பிறந்த நாள் முதல் ஐந்து வயது வரை, ஒரு பிள்ளையின் வளர்ச்சியில் தாமதம் தெரிந்தால், அந்தப் பிள்ளைக்கான பேச்சுப் பயிற்சி, இயன்மருத்துவம், ஒக்குபேஷனல் தெரப்பி (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் பயிற்சி), கூடவே தாய் தகப்பனுக்கான பயிற்சி ஆகியவற்றின் செலவை அரச காப்புறுதியும் தனியார் காப்புறுதியும் ஏற்க வேண்டும்.

நம் நாட்டில் மருத்துவக் காப்புறுதி பெரும்பாலும் கட்டிலைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்தால் ஒரு நாளைக்கு இவ்வளவு, சத்திரசிகிச்சைக்கு இவ்வளவு, டிஸ்சார்ஜ் காட்டை இணைத்து அனுப்பினால் மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். விழுந்து கால் முறிந்தவருக்கும் குடல்வால் வெடித்தவருக்கும் இது பொருந்தும். இரண்டு வயதாகியும் பேச்சு வராத பிள்ளையை எந்தக் கட்டிலில் படுக்க வைப்பது? அந்தப் பிள்ளைக்குத் தேவையானது ஒரு பாய், நாலு விளையாட்டுச் சாமான், முன்னால் பயிற்சி தெரிந்த ஒருவர், பக்கத்தில் வீட்டு ஆள் ஒருவர். வாரத்துக்கு ஒரு தடவை முக்கால் மணித்தியாலம். அது மாதக் கணக்கில் போகும், சிலருக்கு வருடக் கணக்கில் போகும். சேலைன் இல்லை, ஊசி இல்லை, டிஸ்சார்ஜ் காட்டும் இல்லை. ஆகவே காசும் இல்லை.

2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் உருவான நிதியம் அரச ஊழியருக்காக நடத்தும் அக்ரஹாரக் காப்புறுதிக்கு என் சம்பளத்தில் மாதாமாதம் பணம் கழிகிறது. அதைக் குறை சொல்ல எழுதவில்லை. பிரசவத்துக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கூட அதில் தலைப்பு உண்டு. கண்ணாடிக்கு யாரும் ஆஸ்பத்திரியில் படுப்பதில்லை. கட்டில் இல்லாத தேவையும் தேவைதான் என்பதை நிதியம் ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருக்கிறது என்பதற்காகவே சொல்கிறேன். குழந்தைப் பருவத் தெரப்பிக்கும் அதே பட்டியலில் தெளிவாக ஒரு தலைப்புப் போடுங்கள்.

சுரக்ஷா மாணவர் காப்புறுதியைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. 2017இல் தொடங்கி, இடையில் நின்று, 2024இல் மீண்டும் வந்த நல்ல திட்டம். ஆனால் அது பாடசாலைப் பிள்ளைக்கு, அதாவது ஐந்து வயதுக்குப் பிறகு. மூளை மிக வேகமாக வளர்ந்து, பயிற்சிக்கு மிக இலகுவாக வளைந்து கொடுக்கும் வருடங்கள் முதல் மூன்று, நான்கு வருடங்கள்தான். காது கேளாமல் பிறக்கும் குழந்தைக்கு ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்று உலகெங்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் குழந்தைக்கு நாம் ஐந்து வயதில் காப்புறுதி அட்டை கொடுக்கிறோம். படுவான்கரையில் வெள்ளம் வந்தால் வயலுக்கு ஆள் அனுப்பி ஏக்கர் கணக்குப் பார்க்கத் தெரிந்த அரசுக்கு, பயிருக்குப் பருவம் இருப்பதுபோல் பிள்ளைக்கும் பருவம் இருக்கிறது என்பதை விளக்க வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் இந்த மடல் வெறும் சட்டமாக நின்றுவிடும். என் மகனுக்கு ஒன்றரை வயதிருக்கும்போது, கிளினிக் கொப்பியில் வளர்ச்சிப் படிகள் இருக்கும் பக்கத்தில் மிட்வைஃப் மிஸ்தான் பேனையை நிறுத்தினார். ‘பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புறாரா?’ என்று கேட்டார். திரும்புவதில்லை. ஆனால் பின்னேரம் பாண் விற்க வரும் சூன் பாண் ஓட்டோவின் பாட்டு ரெண்டு ஒழுங்கை தள்ளிக் கேட்டாலும் படலைக்கு ஓடிவிடுவான். அதை வைத்து அம்மா தீர்ப்பே எழுதிவிட்டார்: “காது நல்லாக் கேக்குதுதானே புள்ள. ஆம்பிளப் புள்ளையள் சுணங்கித்தான் பேசும். உன்ட அப்பாவும் மூண்டு வயசிலதான் வாய் திறந்தவராம்.” நாக்கில் வசம்பு தேய்த்தது, கோயிலுக்கு நேர்ந்தது எல்லாம் நடந்தன. அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் மிட்வைஃப் மிஸ் விடவில்லை, எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைக்கு அனுப்பினார். அங்கிருந்து ஆஸ்பத்திரி. அங்கே பேச்சுப் பயிற்சிக்கு இலவசம்தான். அடுத்த திகதி மட்டும் மாதங்கள் தள்ளிக் கிடைத்தது. அங்கிருந்தவர் நல்லவர். ஒரே ஆள், வாசலில் வாங்கு நிறையப் பிள்ளைகள். அவரைக் குறை சொல்ல நாக்குக் கூசும்.

பிறகு தனியாரிடம் போனோம். ஒரு அமர்வின் கட்டணம் ஒரு கூலித் தொழிலாளியின் ஒருநாள் உழைப்பை விழுங்கிவிடும். இரண்டு சம்பளம் வரும் எங்கள் வீட்டிலேயே அது இடித்தது. ஆனால் அந்தப் பாயில் நடந்ததை இங்கே எழுதத்தான் வேண்டும். பயிற்சி தந்த பிள்ளை, என் மாணவி வயதுதான் இருக்கும், மகனோடு விளையாடியதைவிட என் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான் அதிகம். நான் பாடசாலைக்குப் போனால் பிள்ளை அம்மாவோடுதானே. “தண்ணிப் போத்தலை உடன குடுக்காதீங்க அம்மம்மா. முகத்துக்குக் கிட்டப் பிடிச்சிட்டு, மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க” என்றார். அம்மாவுக்குப் பிடிக்கவே இல்லை. “தண்ணிக்குப் புள்ளையைக் கெஞ்ச வைக்கிறதா?” என்று வீடு வரும்வரை புறுபுறுத்தார். ஆனாலும் செய்தார். சில வாரங்களுக்குப் பிறகு ஒரு மத்தியானம் குசினியில் இருந்து கத்திக் கூப்பிட்டார். அவன் போத்தலைப் பார்த்து ‘தா’ என்றிருக்கிறான். பிறகு அதே சொல்லைப் பந்துக்குச் சொன்னான், பணிசுக்குச் சொன்னான், என் கைபேசிக்கும் சொன்னான்.

அந்தக் கட்டண ரசீதுகளை ஒரு தனியார் காப்புறுதிக் கம்பனிக்கு அனுப்பினேன். குடும்பத்துக்கென்று எடுத்த திட்டம் அது. பதில் ஆங்கிலத்தில் வந்தது: பிறவிக் குறைகளும் வளர்ச்சிசார் குறைபாடுகளும் ஒப்பந்தத்தின் விலக்குகளுக்குள் அடங்குகின்றன. எங்களுக்குத் திட்டத்தை விற்ற முகவர் என்னிடம் படித்தவர். வீட்டுக்கு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். “டீச்சர், உங்களுக்கு ஒளிச்சுச் சொல்ல ஏலாது. ஆஸ்பத்திரியில ஒரு இரவாவது தங்கினாத்தான் கிளைம். அதுவும் இந்த விசயத்துக்கு எண்டால் எழுதுற நேரமே வெட்டிப்போடுவாங்க.” கம்பனியின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லிப் பயனும் இல்லை. மற்றக் கம்பனிகளின் ஒப்பந்தங்களை வாங்கி வாசித்தேன், வசனம்தான் கொஞ்சம் முன்பின்.

ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் தலைவர் அவர்களே, இந்த இடத்தில்தான் உங்களிடம் வருகிறேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 25ஆம் உறுப்புரை இரண்டு விடயங்களைச் சொல்கிறது. ஒன்று, குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கண்டறிந்து உதவும் சேவைகளை, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, அரசு வழங்க வேண்டும். மற்றது, மருத்துவக் காப்புறுதியில் இவர்களுக்குப் பாரபட்சம் காட்டுவதைத் தடைசெய்ய வேண்டும். இந்தக் கையெழுத்தும் அந்த விலக்கு வாசகமும் ஒரே நாட்டில் எப்படி அருகருகே இருக்கின்றன? 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் காப்புறுதிக் கைத்தொழில் ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்கீழ் கம்பனிகளை மேற்பார்வை செய்வது நீங்கள். அந்த வாசகம் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் செல்லாது என்று பணிப்புரை விடுக்க வேண்டியவரும் நீங்கள்தான்.

கம்பனிக்காரரின் பயமும் எனக்கு விளங்குகிறது. ஒரு கம்பனி மட்டும் தெரப்பிக்குக் காசு தருவதாக அறிவித்தால், பிரச்சினை உள்ள பெற்றோர் எல்லாரும் அங்கேதான் போய் நிற்பார்கள். அந்தக் கம்பனி தாங்காது. அதனால்தான் தனித்தனியே விடக்கூடாது என்கிறேன். எல்லாக் குடும்பத் திட்டங்களிலும், வங்கிகளும் ஆடைத் தொழிற்சாலைகளும் ஊழியர்களுக்கு எடுக்கும் குழுத் திட்டங்களிலும் இது கட்டாயம் என்றால் பாரம் எல்லார் தலையிலும் மெல்லியதாகப் பரவும். காப்புறுதி என்பதே அதற்குத்தானே. ஏமாற்று நடக்கும் என்ற பயத்துக்கும் வழி இருக்கிறது. இலங்கை மருத்துவ சபையில் பதிந்த சிகிச்சையாளரின் ரசீது மட்டும் செல்லும், எம்.ஓ.எச். கடிதம் வேண்டும், குறித்த எண்ணிக்கையான அமர்வுகளுக்கு ஒருதரம் முன்னேற்ற அறிக்கை வேண்டும் என்று வையுங்கள். பெற்றோர் ஒருவரும் மறுக்க மாட்டார்கள். அறிக்கை எழுதுவதற்கான நேரத்துக்கும் சிகிச்சையாளருக்குப் பணம் கொடுங்கள், அவ்வளவுதான்.

இது ஏதோ பணக்கார நாட்டு ஆசை என்று நினைக்கக்கூடும். அமெரிக்கா 1986இல் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான ஆரம்பத் தலையீட்டுச் சேவையைச் சட்டமாக்கியது. அங்கே மத்திய அரசின் பணம், மாநிலப் பணம், ஏழைகளுக்கான மெடிகெய்ட், பெற்றோர் சம்மதித்தால் தனியார் காப்புறுதி என்று பல வாய்க்காலில் இருந்து ஒரே குளத்துக்குத் தண்ணீர் எடுக்கிறார்கள். பிள்ளையை மதிப்பீடு செய்வதற்குக் குடும்பத்திடம் ஒரு சதமும் வாங்கக்கூடாது என்பது விதி. ஓட்டிசப் பிள்ளைகளின் தெரப்பிக்குக் காப்புறுதிக் கம்பனிகள் பணம் தரவேண்டும் என்று 2001இல் இந்தியானா மாநிலம் சட்டம் போட்டது. 2019 ஆகும்போது 50 மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் அந்தக் கட்டாயம் வந்துவிட்டது. அங்கும் ஓட்டை உண்டு. தம் சொந்தப் பணத்தில் ஊழியருக்குக் காப்பு வழங்கும் பெரிய கம்பனிகளை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தாது. நாம் சட்டம் எழுதும்போது அந்த ஓட்டையை முதலிலேயே அடைத்துவிடலாம்.

அமெரிக்கா வேண்டாம் என்றால் பாக்குநீரிணைக்கு அப்பால் பாருங்கள். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான இந்தியாவின் தேசிய அறக்கட்டளை ‘நிராமயா’ என்றொரு காப்புறுதி நடத்துகிறது. ஓட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு வருடத்துக்கு 1 இலட்சம் இந்திய ரூபா வரை. வயதெல்லை இல்லை, சேர்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனை இல்லை. தொடர் தெரப்பிக்கும் அதில் பணம் உண்டு, போக்குவரத்துக்கும் கொஞ்சம் உண்டு. தொகை காணாது என்று அங்குள்ள பெற்றோர் சொல்லலாம். நமக்கு அந்தக் காணாத தொகையும் இல்லை.

போக்குவரத்து என்பதைச் சும்மா சொல்லவில்லை. பொத்துவிலில் இருந்து மட்டக்களப்புக்கு 100 கிலோமீற்றருக்கு மேல். வாகரையில் இருந்து 60க்கு மேல். இலவச ஆஸ்பத்திரியில் இலவச அமர்வுக்கு வரும் தாய், விடியப்புறம் எழும்பி, மற்றப் பிள்ளைகளை யார் வீட்டிலோ விட்டுவிட்டு, கூட்டமும் இரைச்சலும் தாங்காத பிள்ளையை நெரிசலான பஸ்ஸில் மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு வருகிறாள். வந்து சேரும்போது பிள்ளை களைத்து அழுகிறது, அன்றைய அமர்வு அதோடு சரி. கணவனின் ஒருநாள் கூலியும் போய்விடுகிறது. மூன்றாவது, நாலாவது தடவையோடு வரவு நின்றுவிடும். பிறகு ‘பெற்றோரின் ஒத்துழைப்பின்மை’ என்று கோப்பில் எழுதுவார்கள்.

தனியார் காப்புறுதியை மட்டும் திருத்தினால் மட்டக்களப்பு நகரத்திலும் கல்முனையிலும் சம்பளம் எடுக்கும் என்னைப் போன்றவர்கள் பிழைத்துக்கொள்வோம். வெல்லாவெளியில் கூலி வயல் செய்பவருக்கும், நிந்தவூரில் கரைவலை இழுப்பவருக்கும், தாய் குவைத்தில் இருக்க அம்மம்மா வளர்க்கும் பிள்ளைக்கும் எந்தக் கம்பனி திட்டம் எழுதும்? ஆகவே அரசின் பங்குதான் பெரிது. சுரக்ஷாவைப் பிறப்பிலிருந்து தொடங்குங்கள். பதிவதற்குப் புதிய திணைக்களம் வேண்டாம். இந்த நாட்டில் பிறக்கும் பிள்ளைகளை வீடு தேடிப் போய்ப் பதியும் மிட்வைஃப்மார் இருக்கிறார்கள், கிளினிக் கொப்பி இருக்கிறது. அந்தக் கொப்பி இலக்கமே காப்புறுதி இலக்கமாக இருக்கட்டும். 2025இல் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம் என்று மாற்றினார்கள். அதுவரை அதற்கும் கொழும்புக்குத்தான் ஓடினோம். மனம் வைத்தால் மேசையை ஊருக்குக் கொண்டுவர முடியும்.

இன்னொன்றையும் விதியில் சேர்க்க வேண்டும். நோயின் பெயர் எழுதிய கடிதம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. நம் பகுதியில் அந்தப் பெயர் கிடைப்பதற்குள் ஒரு வருடம் போய்விடும். அதற்கு மேல், பெயரைக் கேட்கவே பயப்படும் வீடுகள் உண்டு. மூத்த பெண்ணின் கலியாணப் பேச்சு முறிந்துவிடும் என்று பிள்ளையை மறைத்து வைத்த வீடும் எனக்குத் தெரியும். ‘வளர்ச்சியில் தாமதம்’ என்று எம்.ஓ.எச். எழுதினால் போதும், பயிற்சி தொடங்கலாம் என்று வையுங்கள். நம் நாட்டின் அரைநகர்ப் பகுதி ஒன்றில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளிடம் செய்து 2009இல் வெளியான ஆய்வு 93 பிள்ளைகளுக்கு ஒரு பிள்ளை என்ற அளவில் ஓட்டிசத்தைக் கண்டது. இது ஓட்டிசம் மட்டும். டவுண் சின்ட்ரோம், பெருமூளை வாதம், குறைமாதத்தில் பிறந்தவர்கள், காது கேளாதவர்கள் எல்லாம் அந்தக் கணக்குக்கு வெளியே.

‘காசு தந்தாலும் ஆள் எங்கே?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. செயலாளர் அவர்களே, இது உங்களுக்கு. பேச்சுச் சிகிச்சைப் பட்டப்படிப்புக் களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில். இயன்மருத்துவமும் ஒக்குபேஷனல் தெரப்பியும் கொழும்புத் தேசிய வைத்தியசாலைப் பயிற்சிப் பாடசாலையிலும் சில பல்கலைக்கழகங்களிலும். அங்கே படித்துத் தமிழ் பேசும் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரக்கூடியவர்கள் கொஞ்சப் பேர். அவர்களும் இடமாற்றம் கிடைத்ததும் போய்விடுகிறார்கள். ஒரே ஆள், வாங்கு நிறையப் பிள்ளைகள் என்றால் யார்தான் நிற்பார்கள்? ஆனால் கேள்வியைத் திருப்பியும் கேட்கலாம். கல்முனையிலோ களுவாஞ்சிக்குடியிலோ ஒரு சிறிய பயிற்சி நிலையம் திறந்தால் மாதம் முழுவதும் கட்டணம் நிச்சயம் என்று காப்புறுதி உறுதி சொல்லுமானால், நம் ஊர்ப் பிள்ளைகள் அந்தப் படிப்புக்குப் போகத் துணிவார்கள். மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடம் மருத்துவரையும் தாதியரையும் உருவாக்குகிறது. பேச்சுச் சிகிச்சையும் அங்கே ஒரு பாடநெறியாக வரவேண்டும் என்று கேட்க உங்கள் அமைச்சுக்குத்தான் முதல் உரிமை.

அதுவரைக்கும் இருக்கிற சிலரின் நேரத்தை அமர்வுக்கு மட்டும் செலவழிக்காமல், வீட்டாருக்கும் முன்பள்ளி ஆசிரியைகளுக்கும் சொல்லிக் கொடுப்பதற்குச் செலவழியுங்கள். காப்புறுதி விதியில் ‘சிகிச்சை’ என்ற தலைப்பின்கீழ் பெற்றோர் பயிற்சியையும் எழுதினால்தான் அது நடக்கும். இல்லாவிட்டால் பிள்ளை வரவில்லை, தாய் மட்டும் வந்தாள் என்று அந்த நாள் கட்டணத்தை வெட்டிவிடுவார்கள்.

என் மகனுக்கு இப்போது வயது கடந்துவிட்டது. முதலாம் வகுப்பில் இருக்கிறான், சுரக்ஷாவுக்கும் உரித்துடையவன். இந்த மடலால் எங்கள் வீட்டுக்கு வரப்போவது ஒன்றும் இல்லை.

மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை ஆகிய மூன்று பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனைகளிலும் ஒரு வருடப் பரீட்சார்த்தத் திட்டமாகத் தொடங்கலாம். மூன்று இனமும் இரண்டு மொழியும் மலையடியும் கடற்கரையும் இதற்குள் இருக்கின்றன. இங்கே ஓடினால் எங்கும் ஓடும். கலந்துரையாடல் வைத்தால் வெள்ளிக்கிழமை வைக்க வேண்டாம், ஜும்மாத் தொழுகை நாள், கடற்கரைப் பக்கத்துப் பாதிப் பேர் வரமாட்டார்கள். பெற்றோரையும் கூப்பிடுங்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு அறையும் ஒதுக்குங்கள். விண்ணப்பப் படிவமும், முக்கியமாக நிராகரிப்புக் கடிதமும் தமிழில் வரவேண்டும். 1987இலிருந்து தமிழும் அரச கரும மொழி. மேன்முறையீட்டுக்கு நாள் குறித்து வரும் கடிதத்தை வாசித்துச் சொல்ல ஆள் தேடித் திரியும்போதே பலருக்கு அந்த நாள் முடிந்துவிடுகிறது.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை
களுவாஞ்சிக்குடி